ஊரடங்கில் அடங்காத நோய்கள்: வாசகர் கேள்வியும் வைத்தியர் பதிலும்

இம்மாதம் வந்த கடிதங்களுள் நான்கு, கொரோனாக் காலத்தையும் பாலியல் தொற்று நோய்களையும் சேர்த்துக் கேட்டவை. வன்னியில் ஊர்கள் சிறியவை. ஒரு வரி விவரம் கிடைத்தாலே எழுதியவர் இன்னார் என்று அயலவர் சொல்லிவிடுவார்கள். ஆகையால் ஊர்ப் பெயர்களை நீக்கி, மாவட்டத்தை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர், வவுனியா மாவட்டம்): டொக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் விடுதியில் ஒரு விவாதம் நடந்தது. 2020இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்தபடியால் பாலியல் நோய்கள் குறைந்திருக்கும் என்று ஒரு பகுதியினர் சொன்னார்கள். தேடிப் பார்த்தால் ஒரு நாட்டில் குறைந்தது என்றும், இன்னொரு நாட்டில் கூடியது என்றும், ஒரே நாட்டிலேயே ஒரு நோய் குறைந்து மற்றது கூடியது என்றும் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் இரண்டு கணக்குகளைப் பிரித்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் தொற்றியது என்பது ஒரு கணக்கு. எத்தனை பேரிடம் அது கண்டுபிடிக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏறியது என்பது இன்னொரு கணக்கு. நாம் செய்திகளில் படிப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். சாதாரண காலத்தில் இரண்டும் ஓரளவு சேர்ந்தே ஏறி இறங்கும். பெருந்தொற்று வந்தபோது அவை பிரிந்துவிட்டன. நீங்கள் கண்ட முரண்பாடுகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிவிலிருந்து வந்தவை.

அமெரிக்காவின் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2019உடன் ஒப்பிடும்போது 2020இல் அங்கே பதிவான கிளமீடியாத் தொற்று 13 வீதம் குறைந்தது. அதே ஆண்டில் கொனோரியா 10 வீதமும், ஆரம்பநிலைச் சிபிலிஸ் 7 வீதமும், தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றும் பிறவிச் சிபிலிஸ் ஏறத்தாழ 15 வீதமும் கூடின. எங்கள் பெரியவர்கள் மேகநோய் என்ற ஒரே சொல்லில் அடக்கிய நோய்கள் இவை. எல்லாம் உடலுறவு வழியாகப் பரவுபவை. மக்கள் வீட்டிலிருந்ததுதான் காரணம் என்றால் எல்லாமே சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்ததற்கு, அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் முறையே காரணம்.

கிளமீடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. அதனால் அந்நாட்டில் 25 வயதுக்குட்பட்ட பெண்களிடம் ஆண்டுதோறும் வழக்கமான பரிசோதனையில் தேடித்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். வைத்தியசாலைகள் அவசரமில்லாத வருகைகளை நிறுத்தியபோது தேடுதல் நின்றது, தேடாததால் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, கிளமீடியாவையும் கொனோரியாவையும் கண்டறியும் மரபணுப் பரிசோதனைக்கு வேண்டிய பஞ்சுக் குச்சிகளும் இரசாயனங்களும் இயந்திரங்களும் கொரோனாவின் பி.சி.ஆர். பரிசோதனைக்கும் வேண்டியவையாக இருந்தன. பாலியல் நோயாளரின் துணைவர்களைத் தேடிச் சென்று சிகிச்சைக்கு அழைத்துவரும் ஊழியர்கள் கொரோனாத் தொடர்பாளர்களைத் தேட அனுப்பப்பட்டார்கள். கொனோரியாவின் நிலை வேறு. அது ஆண்களுக்குப் பெரும்பாலும் எரிச்சலையும் சீழையும் தருவதால், ஊரடங்கு என்றாலும் பலர் வைத்தியரைத் தேடிப் போனார்கள். பிறவிச் சிபிலிஸ் பெரும்பாலும் பிள்ளை பிறக்கும் வேளையிலேயே கண்டறியப்படுகிறது. பிரசவத்தை எந்தப் பெருந்தொற்றாலும் ஒத்திவைக்க முடியாது. ஆகவே ஒரு நாட்டின் புள்ளிவிவரத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது பிறவிச் சிபிலிஸின் எண்ணிக்கையைத்தான். அது பதிவேட்டிலிருந்து எளிதில் நழுவுவதில்லை.

இங்கிலாந்தில் இதே கதை வேறு வடிவில் நடந்தது. 2020இல் கண்டறியப்பட்ட பாலியல் தொற்றுகள் முந்திய ஆண்டைவிட 32 வீதம் குறைந்தன. பலர் நிம்மதி அடைந்தார்கள். 2022இல் அங்கே பதிவான கொனோரியாத் தொற்றுகள் 82,592; அந்நாட்டில் 1918இல் பதிவு தொடங்கிய பின்னர் அதுவரை ஓர் ஆண்டில் பதிவான ஆகக்கூடிய தொகை அதுவாகும். மீண்டும் பரிசோதனைக்கு வந்தவர் தொகை கூடியது இதற்கு ஒரு பகுதிக் காரணம். ஆனால் கொரோனாவுக்கு முந்திய 2019இன் அளவையும் அது தாண்டிப் போனதால், பரிசோதனை கூடியதை மட்டும் காரணம் காட்டிவிட முடியாது.

வன்னியில் பிறந்தவருக்கு இதைக் குளத்தை வைத்துச் சொல்வது எளிது. இரணைமடுவுக்குக் கனகராயன் ஆற்றால் தண்ணீர் வருகிறது. துருசைத் திறந்தால் வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. மழை குறைந்த காலத்திலும் துருசைப் பூட்டி வைத்தால் குளத்தின் மட்டம் அவ்வளவாக இறங்காது. ஒரு சமூகத்தில் தேங்கி நிற்கும் தொற்றும் அப்படியே. புதிதாகத் தொற்றுவது வரவு. பரிசோதித்துக் குணப்படுத்துவது துருசு. ஊரடங்கு வரவைக் குறைத்தது உண்மை. பயணம் நின்றது, விடுதிகள் மூடப்பட்டன, புதியவர்களைச் சந்திப்பது குறைந்தது. ஆனால் அதே ஊரடங்கு துருசையும் பூட்டியது. ஒரு வாரத்தில் மருந்தெடுத்துக் குணமாகியிருக்க வேண்டியவர், மாதக்கணக்கில் நோயோடு வீட்டிலிருந்தார்; தன் துணைக்கும் கொடுத்தார்; வீதி திறந்ததும் அதே நோயோடு வெளியே வந்தார். ஒருவர் எத்தனை பேரோடு உறவு கொள்கிறார் என்பதைப் பற்றியே நாம் பேசுகிறோம். ஒரு தொற்று ஒருவரின் உடலில் எவ்வளவு காலம் மருந்தில்லாமல் இருக்கிறது என்பதும் பரவலை அதே அளவுக்குத் தீர்மானிக்கிறது. ஆணுறைக்கும் அந்நேரம் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சப்பட்டது. உலகின் ஐந்தில் ஒரு ஆணுறையைச் செய்யும் மலேசிய நிறுவனத்தின் தொழிற்சாலைகள் 2020 மார்ச்சில் அந்நாட்டின் முடக்கத்தால் மூடப்பட்டன.

எச்.ஐ.வி.யிலும் இதே தடை விழுந்தது. எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்க்கும் உலக நிதியம் உதவி வழங்கும் நாடுகளில் 2020ஆம் ஆண்டு எச்.ஐ.வி. பரிசோதனைகள் 22 வீதம் குறைந்தன. இலங்கையில் புதிதாகப் பதிவானோர் தொகை 2021இல் 400ஐ ஒட்டி இருந்து, 2022இல் 600ஐத் தாண்டியது. அந்த 600 பேருக்கும் 2022இலேயே தொற்றியது என்று எண்ணிவிடக் கூடாது. எச்.ஐ.வி. பல ஆண்டுகள் ஓசையின்றி உடலில் இருக்கக்கூடியது. அவர்களுள் ஒரு பகுதியினர் முந்திய ஆண்டுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டியவர்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தத் துருசு எப்படிப் பூட்டுப்பட்டது என்பதை நான் நேரில் பார்த்தேன். அந்நாட்களில் வன்னியில் ஒரு வைத்தியசாலையில் கடமையாற்றினேன். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியது. பஸ் இல்லை. பின்னர் தளர்த்தியபோது தேசிய அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்தே வெளியே விட்டார்கள். மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ இருப்பவர் மாவட்ட வைத்தியசாலைக்கு வர அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று சொல்லலாம், பிள்ளைக்குப் பால்மா என்று சொல்லலாம். பாலியல் நோய்ச் சிகிச்சைக்குப் போகிறேன் என்று பொலிஸாரிடம் எவரால் சொல்ல முடியும்? தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் படலையில் ஒட்டப்பட்ட அறிவித்தலை ஊரே நின்று வாசித்த காலம் அது. அதைக் கண்டவர்கள், தங்கள் பெயர் எந்தச் சுகாதாரப் பதிவேட்டிலும் ஏறக்கூடாது என்று நினைத்ததில் வியப்பில்லை. எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வந்தவர் தொகை அந்த மாதங்களில் குறைந்தது. அதை நோய் குறைந்ததற்கான சான்றாக எவரும் எனக்குக் காட்டினால் நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி (முல்லைத்தீவு மாவட்டம், பெண்): என் கணவர் கட்டாரில் வேலை செய்தவர். 2020இல் வேலை போய், திரும்பி வந்து, தனிமைப்படுத்தல் முகாமில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து இங்கேதான் தோட்டம் செய்கிறார். இப்போது எனக்கு மூன்றாம் மாதம். முதல் கிளினிக்கிலேயே மிட்வைஃப் மிஸ், பாலியல் நோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுக்க வேண்டும் என்றா. மாமி அதைக் கேட்டு முகம் சுழித்தா. வெளிநாடு போய் வந்தவரின் மனைவி என்பதால்தான் எனக்கு இந்தப் பரிசோதனையா?

பதில்: இல்லை, தங்கச்சி. இதை உங்கள் மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். இலங்கையில் கர்ப்பிணியாகப் பதியும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுக்கப்படுகிறது. ஆசிரியைக்கும் எடுக்கிறார்கள், வைத்தியருக்கும் எடுக்கிறார்கள், கணவன் ஒரு நாளும் ஊரைவிட்டுப் போகாத பெண்ணுக்கும் எடுக்கிறார்கள். இப்படி ஒருவரையும் விடாமல் எடுத்ததனால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதையும் சொல்கிறேன். சிபிலிஸ் இருக்கும் தாய்க்குத் தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். சிகிச்சை பெறாத தாய்மாருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் 40 வீதம் வரை வயிற்றிலேயே இறந்தோ பிறந்தபின் இறந்தோ போகக்கூடும்; பிழைக்கும் பிள்ளைகளுக்கு எலும்பிலும் கண்ணிலும் காதிலும் மூளையிலும் பாதிப்பு வரலாம். இத்தனையையும் தடுக்கப் பல காலமாகக் கையிலிருக்கும் பென்சிலின் ஊசியே போதும். தாய்க்குப் போடும் ஊசி வயிற்றிலுள்ள பிள்ளையையும் குணப்படுத்தும். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னராவது சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும் என்பதால், முதல் கிளினிக்கிலேயே இரத்தம் எடுப்பது முக்கியம்.

செல்வமும் மருந்தும் நிறைந்த அமெரிக்காவில் 2012இல் 335 பிள்ளைகள் பிறவிச் சிபிலிஸுடன் பதிவானார்கள். 2022இல் 3,755 பிள்ளைகள். இந்த ஏற்றம் கொரோனாவுக்கு முன்னரே தொடங்கியது. பெருந்தொற்று அதை மேலும் தள்ளிவிட்டது. அந்த 2022ஆம் ஆண்டுப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேரை, தாய்க்கு உரிய நேரத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே கணக்கிட்டது. அந்த எண்ணை வாசித்த அன்று, வெயிலில் சைக்கிள் மிதித்து எங்கள் காட்டோர ஊர்களுக்குப் போய்வந்த குடும்பநல உத்தியோகத்தர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். ஊரடங்கு நாட்களிலும் தொலைபேசியில் ஒவ்வொரு கர்ப்பிணியாகக் கூப்பிட்டு விசாரித்தவர்கள் அவர்கள். உங்களிடம் இரத்தம் கேட்ட மிஸ்ஸும் அந்த வழியில் வந்தவரே.

ஒரு சிறு விளக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். என்னும் முதற்பரிசோதனை, நோய் இல்லாத சிலரிலும் 'உண்டு' என்று காட்டக்கூடும். கர்ப்பமே சில வேளை அதற்குக் காரணமாகும். ஆகவே முதல் முடிவைக் கேட்டு எவரும் எவரையும் சந்தேகிக்க வேண்டாம். இரண்டாவது, உறுதிப்படுத்தும் பரிசோதனை ஒன்று உண்டு. அதன்பின்னும் நோய் இருப்பது உறுதியானால் உங்கள் கணவரையும் அழைத்து இரத்தம் எடுப்பார்கள். அது விசாரணை போன்றதன்று. அவர் சிகிச்சை பெறாவிட்டால் குணமான உங்களுக்கே நோய் திரும்பவும் தொற்றும்.

கேள்வி (கிளிநொச்சி மாவட்டம், ஆண், வயது 29): 2021இல் கொழும்பில் வேலை செய்தபோது ஒருவருடன் தொடர்பு ஏற்பட்டது. சில நாட்களில் சிறுநீர் கழிக்கும்போது எரிவும் சீழும் இருந்தன. பயணத்தடை நேரம் என்பதால் வைத்தியசாலைக்குப் போகவில்லை. தெரிந்த பாமசியில் அசித்ரோமைசின் குளிசை வாங்கிக் குடித்தேன், நின்றுவிட்டது. வருகிற ஆவணியில் எனக்குக் கல்யாணம். எல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது, தம்பி. ஆனால் கல்யாணத்துக்கு முன்னர் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பொறுப்புணர்வை நான் மதிக்கிறேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறி கொனோரியாவாகவோ, கிளமீடியாவாகவோ, இரண்டும் சேர்ந்தோ இருந்திருக்கலாம். எரிவு நின்றதால் கிருமி போய்விட்டது என்று சொல்ல இயலாது; சில வேளை அறிகுறி அடங்கி, கிருமி தங்கிவிடும். அப்படித் தங்கியது உங்கள் மனைவிக்குத் தொற்றினால், அவருக்கு எதுவுமே தெரியாமல் கருப்பைக் குழாய்கள் பாதிக்கப்பட்டுப் பிள்ளைப்பேறு தடைப்படலாம். கல்யாணமாகி மூன்று, நான்கு ஆண்டுகளாகப் பிள்ளையில்லை என்று பெண்ணை மட்டும் கோயில் கோயிலாக அழைத்துத் திரியும் குடும்பங்களைக் காணும்போது, இந்த வாய்ப்பை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

சிபிலிஸ் இன்னும் ஏமாற்றக்கூடியது. தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் நோவில்லாத ஒரு புண் வரும். சில வாரங்களில் மருந்தில்லாமலே ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றலாம், அவையும் மறையும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் எந்த அடையாளமும் இராது. ஊரடங்குக் காலத்தில் 'தானாகவே சுகமாயிற்று' என்று நினைத்தவர்களுள் இப்படியானவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் குடித்த குளிசையைப் பற்றியும் ஒரு சொல். கொரோனாவுக்கு என்று உலகெங்கும் அசித்ரோமைசினை அள்ளிக் குடித்தார்கள். அது வைரஸை ஒன்றும் செய்யவில்லை என்று பிரித்தானியாவில் நடந்த பெரிய ஆய்வுகள் 2021இல் தெளிவாகக் காட்டின. ஆனால் கொனோரியாக் கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ள இத்தகைய பாவனை வாய்ப்பளிக்கிறது. கொனோரியாவுக்கு அந்தக் குளிசை மட்டும் போதாது. இப்போது முதன்மையாகக் கொடுப்பது செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி. பாமசியில் கேட்டு வாங்கும் அரைகுறை மருந்து உங்களையும் குணப்படுத்தாது, நாளை வருபவருக்கு மருந்தே வேலை செய்யாமல் போகவும் காரணமாகும்.

செய்ய வேண்டியது இதுதான். மாவட்ட வைத்தியசாலையில் உள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். கடிதம் தேவையில்லை, பணம் தேவையில்லை, நீங்கள் சொல்வது வெளியே போகாது. கிளிநொச்சியில் அறிந்தவர் கண்ணில் படுவோம் என்று தயங்கினால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகலாம். உங்கள் மாவட்டத்தில்தான் காட்ட வேண்டும் என்று சட்டமில்லை. சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தமும், மற்றவற்றுக்குச் சிறுநீர் அல்லது மாதிரியும் எடுப்பார்கள். அந்தத் தொடர்பு நடந்து மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டதால், அதற்குப் பின்னர் வேறு தொடர்பு இல்லையென்றால், எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையின் முடிவை நம்பலாம். ஆவணிக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கும் முன்னரே போய்விடுங்கள். ஏதும் கண்டுபிடிக்கப்பட்டால் சிகிச்சை முடித்து, வைத்தியர் சொல்லும் நாள்வரை பொறுத்திருக்க வேண்டும்.

கேள்வி (மன்னார் மாவட்டம், தாய்): என் மகள் 2020இல் ஆறாம் தரம் படித்தாள். பாடசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் போடும் ஊசியில் ஒன்றுதான் போட்டதாக அவளுக்கு ஞாபகம். பிறகு பாடசாலை மூடிவிட்டது. இனிப் போடலாமா?

பதில்: போடலாம். எச்.பி.வி. என்னும் அந்த வைரஸும் உடலுறவால் பரவுவதே. அதனாலேயே பருவ வயதுக்கு முன்னர் போடுகிறார்கள். இலங்கையில் 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்குப் பாடசாலை மூலமே இது கொடுக்கப்படுவதால், பாடசாலை மூடியபோது ஊசியும் தள்ளிப்போனது. இடைவெளி நீண்டுவிட்டது என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. போட்ட ஊசி வீணாகாது. மகளின் ஊசி அட்டையுடன் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். அட்டை தொலைந்திருந்தால், அவள் அந்த ஆண்டு படித்த பாடசாலையின் பெயரையும் வகுப்பையும் சொல்லுங்கள். எந்தத் திகதியில் அங்கே ஊசி போடப்பட்டது என்று பார்ப்பார்கள். உங்களுக்கு வயது 35 அல்லது 45 ஆகியிருந்தால், அதே பணிமனையில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்பதையும் கேட்டு, உங்கள் பெயரையும் பதிந்துவிட்டு வாருங்கள்.